மருத்துவச்சி என்று எழுதிய நல்லதம்பி

தவளையை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் வாசலில் எங்கள் கல்லூரி ப்யூன் மாரிமுத்து வந்து நின்று, "அம்மா, அந்தக் காலேஜ் தமிழ் ஐயா, நல்லதம்பி ஐயா, காலையில தவறிட்டாருங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். மாணவிகள் என் முகத்தையே பார்த்தார்கள். நான் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. பாடத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அழுகை வரவில்லை. அந்த மனிதரோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதை முடிக்காமல் போய்விட்டாரே என்ற கோபம்தான் முதலில் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரைச் 'சொல்லைக் காத்தவர்' என்றார்கள். தமிழ்ச் சொல்லைத்தான் சொன்னார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் தமிழ் கற்றவர்கள். உங்களுக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும். எனக்கும் அவரைப் பிடிக்கும். பிடிக்காத ஆள் செய்திருந்தால் என்றைக்கோ மறந்து தொலைத்திருப்பேன்.

ஐம்பதுகளில் திருச்சியில் ஒரு பதிப்பகத்தார் நம் வட்டாரத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவர முனைந்தார்கள். வாழ்க்கை வரலாறுகளுக்கு அவர் பதிப்பாசிரியர். மருத்துவமும் உயிரியலும் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் உறையூரில் அவர் வீட்டுக் கூடத்தில் வேலை நடக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சத்தமாகப் படிப்பார். "நாக்கு எங்க தடுக்குதோ, அங்க பொய் இருக்கும்" என்பார். குளோரோபார்முக்கு 'மயக்காவி' என்று ஒரு சொல்லைச் செய்து வைத்துக்கொண்டு என்னிடம் மல்லுக்கு நின்றார். நான் வேண்டுமென்றே அவரைச் 'சார்' என்று கூப்பிடுவேன். "சார் யாரும் இந்த வீட்டுல இல்லீங்க, ஐயாதான் இருக்கேன்" என்று சிரிக்காமல் சொல்வார். அவருடைய மனைவி அடுக்களையில் சிரிப்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்து டாக்டர் ரங்கநாயகியைப் பற்றி யாரோ எழுதி அனுப்பிய கட்டுரை எங்கள் கைக்கு வந்தது. இந்த வட்டாரத்துப் பெண்களில் முதன்முதலாக மருத்துவம் படித்து, கத்தி பிடித்து அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். கட்டுரையிலோ அவர் யாருடைய மகள், யாருக்கு வாழ்க்கைப்பட்டார், எந்த ஏகாதசியில் எவ்வளவு பக்தியோடு விரதம் இருந்தார் என்பதுதான் இருந்தது. கத்தியைப் பற்றி ஒரு வரி கிடையாது. நல்லதம்பி படித்துவிட்டுத் தாளை மேசைமேல் எறிந்தார். "இது டாக்டரம்மா வரலாறு இல்லீங்க, கல்யாணப் பத்திரிகை. வாங்க, நேர்ல போய்க் கேட்டு மாத்தி எழுதுவோம்" என்றார். அவர் வாயிலிருந்து 'டாக்டர்' என்ற சொல் தானாக வந்தது அன்றுதான்.

மறுவாரம் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். டாக்டருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. நோயாளிகளைப் பார்த்து அனுப்பிவிட்டு, கைகளைக் கழுவித் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் கைம்பெண்ணாகி, அப்பாவோடு சண்டை போட்டுச் சென்னைக்குப் போய்ப் படித்ததைச் சொன்னார். பெரிய கடைவீதியில் ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே நின்றபோது, தூக்கிப் போக நேரமில்லாமல், சாப்பாட்டு மேசைமேலேயே படுக்க வைத்து அறுத்து இரண்டு உயிரையும் காப்பாற்றியதைச் சொன்னார். படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

"பெரிய மனுஷா ஆத்துல பிரசவம்னு கூப்பிட்டனுப்புவா. போனா, 'மருத்துவச்சி வந்திருக்கா, கொல்லைப்புறமா வரச் சொல்லு'ன்னு உள்ளேர்ந்து குரல் வரும். நான் வாசல்லயே நிப்பேன். 'டாக்டர் வாசல் வழியாத்தான் வருவா'ன்னு சொல்லுவேன். உள்ள பொண்ணு கத்திண்டிருப்பா. ஆனாலும் நகர மாட்டேன். அப்புறம் யாராவது வந்து கதவைத் திறப்பா." பிறகு நல்லதம்பியைப் பார்த்தார். "என்னைப் பத்தி ஒசத்தியா ஒண்ணும் எழுத வேண்டாம். டாக்டர்னு மட்டும் எழுதுங்கோ. நீங்க தமிழ்ல மாத்தறவர்னு கேள்விப்பட்டேன்."

நல்லதம்பி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "உங்க ஒருத்தருக்காக டாக்டர்னே போடறேம்மா. இது என் சொல்" என்றார். டாக்டர் உள்ளே போய்த் தம் கையாலேயே காபி கலந்து கொண்டுவந்தார்.

அந்தக் கட்டுரையை நாங்கள் இருவரும் பல மாதங்கள் இழைத்தோம். விரதங்கள் போயின. மேசைமேல் நடந்த அறுவை வந்தது, வாசலில் நின்றது வந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல தமிழ் அதுதான் என்று இன்றும் சொல்வேன். தொகுதி அச்சாகி எங்கள் நூலகத்துக்கு வந்த அன்று, நின்றுகொண்டே பிரித்தேன். முதல் வரி: 'ரங்கநாயகி, திருவரங்கத்தின் முதல் மருத்துவச்சி.' கட்டுரை முழுக்க அப்படியே. டாக்டர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அன்று சாயங்காலமே உறையூர் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அச்சுக்கோத்தவங்க மாத்திட்டாங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன்.

"நான்தாங்க மாத்தினேன். கடைசியா மெய்ப்புத் தாளைத் திருத்தும்போது."

"மருத்துவர்னாவது போட்டிருக்கலாமே."

"மருத்துவன், மருத்துவச்சி. இலக்கணம் அப்படித்தானே? அந்தச் சொல்லுல என்னங்க கேவலம்? நம்ம எல்லாரையும் கையில ஏந்துன பொம்பளைங்க பேரு அது. கொல்லைப்புறமா வரச் சொன்னது ஊரோட திமிரு, சொல் என்ன செய்யும்? இவ்வளவு பெரிய அம்மாவை அந்தச் சொல்லுல உக்கார வெச்சா, சொல் தன்னால உயர்ந்துடும்."

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. வேறு இடத்தில் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். மருத்துவச்சிகள் வேறு சாதிப் பெண்கள் என்பதால், டாக்டரின் அந்தப் பிடிவாதத்தில் சாதித் திமிரும் கொஞ்சம் கலந்திருந்தது என்று அவர் சொன்னபோது, அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் இதை அந்த அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாமா? எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டு, காபியையும் குடித்துவிட்டு, என்னிடம்கூட மறைத்துச் செய்தது துரோகம்தான். அதற்கு இலக்கணத்தில் வேறு பெயர் இருந்தால் எனக்குத் தெரியாது.

டாக்டர் ஒரு பிரதியை விலை கொடுத்து வாங்கியிருந்தார். நான் போனபோது அது கூடத்து அலமாரியில், முதுகு சுவரைப் பார்க்கத் திரும்பி இருந்தது. "ஆத்துக்கு வரவாளுக்கெல்லாம் காட்டணும்னு வாங்கினேன்" என்றார். "இத்தனை வருஷம் வாசல் வழியாவே வந்தேன். அச்சுல என்னைக் கொல்லைப்புறமா அனுப்பிட்டார் உங்க ஐயா." என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று பட்டது. அவர் நம்பியது எங்கள் இரண்டு பேரையும்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் நின்றுவிட்டன. வழியில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். போன மாதம் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேட்டுப் போய்ப் பார்த்தேன். மெலிந்து போயிருந்தார். "இன்னும் கோவமாங்க?" என்றார். "ஆமாம் ஐயா" என்றேன். நான் ஐயா என்றதைக் கவனித்துச் சிரித்தார். ஒரு மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். "அந்தச் சொல் நிக்கும், பாருங்க" என்றார். கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

இப்போது திருத்திய பதிப்பு வரப்போகிறது. அவருடைய இடத்தில் இருந்து அதைச் சரிபார்த்துத் தரும்படி பதிப்பகத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். செத்துப்போன மனிதரின் எழுத்தில் கைவைப்பதா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. பத்தாம் நாள் முடிந்ததும் ஸ்ரீரங்கம் போய் டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் பேச்சு அப்படியே இருக்கிறது.

"போயிட்டாரா? பாவம், நல்ல மனுஷர்" என்றார். பிறகு, "அதுக்காக விட்டுடாதேங்கோ. நான் கண்ணை மூடறதுக்குள்ள மாத்துங்கோ" என்றார்.

நேற்று மாற்றினேன். அவரைப் போலவே நடந்தபடி சத்தமாகப் படித்தேன். எங்கும் நாக்கு தடுக்கவில்லை. அவருடைய தமிழில் வேறு ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. உங்களில் ஒவ்வொருவரிடமும் அவர் கொடுத்த ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு பாட்டு, ஒரு திருத்தம், ஒரு நல்ல சொல். என்னிடம் இருப்பது அவர் எழுந்து நின்று கொடுத்துவிட்டுக் காப்பாற்றாமல் போன வாக்கு. அதை நான் காப்பாற்றிவிட்டேன். அவர் மேல் உள்ள கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.