காசு கொடுத்துத் துடைத்த அறை

டொலறஸ் முழங்காலில் நின்று குளியல்தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டி அவளுடையதில்லை. வேல்சில் ஒரு மலையடிவாரத்து வீட்டில், காலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் காசு கட்டி எடுத்த பி அண்ட் பி அறையின் தொட்டி அது. கதவடியில் நின்ற அவளுடைய கணவர் செபமாலைமுத்து, "அந்தக் குழாய்க்குப் பின்னால ஒரு தலைமயிர் கிடக்கு" என்றார். அவருடைய கையில் கார்ச் சாவி இருந்தது. குனிய முடியாததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இது போன வருடக் கதை. அதற்கு முந்திய வருடமும் இதே கதைதான். மலையும் தொட்டியும் மட்டும் வேறு.

செபமாலைமுத்து பேசாலை என்ற கடற்கரை ஊர்க்காரர். இப்போது லண்டனில் பிளேஸ்டோவில் வீடு, பஸ் ஓட்டுகிற வேலை. பொல்லாத மனிதரில்லை. குடி இல்லை, சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வரும், பிள்ளைகளைப் படிப்பித்துக் கரை சேர்த்துவிட்டார். அவருக்கு இருந்த வியாதி ஒன்றுதான்: வெள்ளைக்காரர் வாயால் தன்னைச் சுத்தமான ஆள் என்று சொல்லக் கேட்க வேண்டும். முதன்முறை மலைப்பக்கம் போனபோது ஒரு வீட்டுக்காரி, அறையை இவ்வளவு சுத்தமாக விட்டுப்போன விருந்தாளிகளைத் தான் கண்டதேயில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த மனுசி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் ஒரு மலை, ஒவ்வொரு மலைக்கும் ஒரு வீட்டுக்காரி. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் ரீ குடிக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பாராட்டைக் கேட்டே ஆக வேண்டும்.

"மலை ஏறினியளோ அண்ணை?" என்று கோயிலில் பாட்டுப் படிக்கிற கிளின்ரன் ஒருமுறை கேட்டான்.

"ஏறி என்னத்தை? கார் பார்க்கில நிண்டாலே முழுக்கத் தெரியுது."

அதில் பொய் இல்லை. மலையில் நடக்கவென்று வாங்கிய சப்பாத்து இன்னும் சேறு காணவில்லை. டொலறஸ் விடிய எழும்பிப் பொரித்த ரோல்சைக் காருக்குள் இருந்து தின்றபடி மலையைப் பார்ப்பார். "சும்மா சொல்லக்கூடாது, வடிவா வைச்சிருக்கிறாங்கள்" என்பார், மலையையும் யாரோ தினமும் துடைத்து வைப்பதுபோல.

டொலறஸ் என்ன வேலை செய்கிறாள் என்பதை மட்டும் மண்டபத்தில் சொல்லமாட்டார். அவள் ஒரு ஹொட்டேலில் அறைகள் துப்புரவாக்குகிறாள். முன்பின் தெரியாதவர்கள் உருண்டு புரண்ட கட்டில்களை விரித்து விரித்து இந்த வருடம் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையை உயர்த்திச் சீப்பால் தலை இழுக்க ஏலாது. மெத்தை தூக்கவே கூடாது, கொஞ்சநாள் கைக்கு ஓய்வு கொடு என்றார் டொக்டர். வேலையிடத்தில் லீவு கொடுத்தார்கள். செபமாலைமுத்து அந்த லீவுக்குள்ளேயே மலையில் அறை போட்டுவிட்டார்.

"நான் வாறன்," என்றாள் டொலறஸ். "ஆனா அங்க ஒரு கட்டிலும் விரிக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஆர் உன்னை விரிக்கச் சொன்னது? நீ மகாராணி மாதிரி இரு."

வழியில் பெற்றோல் அடிக்க நின்றபோது மகாராணி சுவெற்றர் எடுக்கக் காரின் பின்பக்கத்தைத் திறந்தாள். அவளுடைய பைக்குப் பக்கத்தில் பாத்றூம் கழுவுகிற ஸ்பிரேயும் மஞ்சள் கையுறையும் இருந்தன. அவளுடைய கைக்கு அளவான கையுறை. மூடிவிட்டு முன்சீற்றில் வந்து இருந்தாள்.

இந்த முறை வீட்டுக்காரியின் பெயர் கிளெனிஸ். முதல் நாள் காலை மேசைக்கு வந்து, முட்டை எப்படி வேண்டும் என்று டொலறஸைப் பார்த்துத்தான் கேட்டாள். டொலறஸ் யோசித்து வாயைத் திறப்பதற்குள், எப்படியென்றாலும் சரி என்று செபமாலைமுத்து இருவருக்குமாகச் சொல்லி முடித்தார். தின்று முடிந்ததும் கோப்பைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். கிளெனிஸ் வழிமறித்து வாங்கிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் தெரிந்தது சந்தோசமில்லை. அவர் அதைச் சந்தோசமென்றே எடுத்துக்கொண்டார்.

புறப்படுகிற நாள் காலையும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள். "பொரிச்சு, மஞ்சள் உடையாமல்" என்று டொலறஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் முந்திக்கொண்டு சொன்னாள். வந்ததை ஆறுதலாகச் சாப்பிட்டாள். இன்னொரு ரீயும் கேட்டாள். செபமாலைமுத்துவின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டேயிருந்தது.

அறைக்குத் திரும்பியபோது கட்டிலின் கால்மாட்டில் கையுறை விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"கெதியாச் செய். மனுசி மேல வரப்போகுது."

"சொல்லிப்போட்டன் தானே."

"அது வீட்டில சொன்னது. இப்ப விளையாடாத. இப்பிடியே விட்டிட்டுப் போனா எங்கட ஆக்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"படுத்து எழும்பின ஆக்கள் எண்டு நினைக்கும்."

"தோள் நோகுதெண்டா இடக்கையால செய்யன்."

டொலறஸ் சீப்பை எடுத்தாள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் இருந்து, இடக்கையால் ஆறுதலாகத் தலை இழுத்தாள்.

கீழே கிளெனிஸ் படியடிக்கு வருகிற சத்தம் கேட்டது. செபமாலைமுத்து தானே பெட்சீற்றைப் பிடித்து இழுத்தார். தலைமாட்டில் செருகினால் கால்மாட்டில் கழன்றது. கால்மாட்டுக்கு ஓடினால் தலைமாடு கழன்றது. லண்டன் நெரிசலுக்குள் பஸ்ஸை வளைத்துத் திருப்புகிற மனிதருக்கு ஒரு மெத்தையின் மூலை பிடிபடவில்லை. இத்தனை வருடமாக அவள் விரித்த கட்டிலில் படுத்தும், அது எப்படி விரிபடுகிறது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இஞ்சேர், இந்த மூலை எப்பிடி மடிக்கிறது?"

டொலறஸ் கைப்பையை நல்ல தோளில் மாட்டினாள். இழுபறியில் நிலத்தில் விழுந்திருந்த மஞ்சள் கையுறையைத் தாண்டிக் கால் வைத்தாள்.

"டொலறஸ், உன்னைத்தான் கேக்கிறன். எப்பிடி மடிக்கிறது?"

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.