பின்படிக்கட்டில் ஒரு கண்

எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. முன்பக்கப் படியில் இறங்கினால் நேராக நகைக்கடைக்குள், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் முகத்தில்தான் போய் விழிக்க வேண்டும். மற்றது பின்படிக்கட்டு. பதினான்கு படிகள், பகலிலும் இருண்ட பாதி வழியில் சுவரில் ஒரு விளக்குமாடம், அடியில் உள்தாழ்ப்பாள் போட்ட ஒரு மரக்கதவு, அதற்கு அப்பால் சந்து. தியாகராய நகரில் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த வீடுகள் பலவும் இப்படித்தான். கல்யாணமாகி வந்த முதல் வருடம் முழுக்க அந்தப் பின்கதவால்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. கொத்தமல்லி வாங்கப் போகிறேன் என்று இறங்குவேன். பனகல் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொத்தமல்லியோடு ஏறி வருவேன். யாரும் எதுவும் கேட்டதில்லை.

அந்த வழியை அடைத்தது வேறு யாருமில்லை, நானேதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு தெரு தள்ளி ஒரு பாத்திரக் கடையில் பின்சுவரைத் துளைத்துத் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். எங்கள் கடையின் பெட்டக அறைக்குப் பின்சுவர் எதுவென்றால், இந்தப் படிக்கட்டுச் சுவர்தான். மாமா பூட்டை மாற்றினார். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டார். அப்படியும் மனம் ஆறவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மகனிடம், “களவாணிப்பய படியில கால வச்ச உடனே நமக்குத் தெரியணும்ல. அதுக்கு ஏதாச்சும் மெஷின் இருக்காடே?” என்று கேட்டார். என் கணவருக்கு வைரத்தில் உள்ள குறை தெரியும், மின்சாரம் தெரியாது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே?

“இருக்கு மாமா. ஒரு சுவத்துலேர்ந்து வெளிச்சத்தைப் பாய்ச்சி எதிர்ச் சுவத்துல வெளிச்சத்தை உணர்ற ஒரு செல்லு மேல விழ வைக்கணும். யாராவது குறுக்க வந்தா வெளிச்சம் மறையும், உடனே மணி அடிக்கும். கூடவே ஒரு காமிராவையும் சேத்துட்டா ஆளோட படமும் விழுந்துடும்.”

மாமா சோற்றில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்தச் சூனியத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அன்று இரவே படமாக வரைந்தும் கொடுத்தேன்.

புதுப்பேட்டையிலிருந்து ஒரு ரேடியோ மெக்கானிக் வந்தார். என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னா மொதலாளி, மருமவப்பொண்ணு கரீட்டா போட்டுக்கீது. நான் மாட்றது மட்டும்தான் பாக்கி” என்றார். ஒரு தகரப் பெட்டிக்குள் பல்பும் லென்சும் வைத்து, வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமலிருக்க முன்னால் அடர்சிவப்புக் கண்ணாடி போட்டார். எதிர்ச் சுவரில் செல். அதை அவர் ‘கண்ணு’ என்றார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். கதவு நிலைக்கு மேலே, படிகளைப் பார்த்தபடி ஒரு பழைய காமிராவும் பளிச்சென்று எரியும் பல்பும். மணியும் சுவிட்சும் கீழே கடையில், மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்.

ஒரே ஒரு தகராறுதான் வந்தது. மெக்கானிக் வெளிச்சப் பெட்டியை விளக்குமாடத்துக்குள் வைக்கப் பார்த்தார். சுவரை உடைக்க வேண்டாமே என்று அவர் கணக்கு. அத்தை, என் மாமியார், படியில் வந்து நின்றுகொண்டார்.

“மாடம் வெளக்குக்கு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து ஏத்துதேன். ஒம்ம பெட்டிய வேற எங்கயாவது வையும்.”

அத்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. மெக்கானிக்கும் பயந்துபோய்ப் பெட்டியை மாடத்துக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்தில் பதித்தார். கண்ணுக்கு முன்னால் ஒரு குழாய் மாட்ட வேண்டும் என்று நான் படத்தில் குறித்திருந்தேன். அப்போதுதான் பெட்டியின் வெளிச்சம் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. “டியூப்பு நாளைக்கு மாட்டிக்கலாம்மா, இப்பவே நல்லாத்தான் வேல செய்து” என்று சொல்லிவிட்டுப் போனார்; அந்த நாளை வரவேயில்லை.

மறுநாள் காலை கொத்தமல்லி வாங்கப் பையை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் இறங்க வேண்டுமானால் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்சை அணைக்க வேண்டுமானால் மாமாவிடம் கேட்க வேண்டும்.

முன்படியின் உச்சியில் நின்று, “மாமா, நான் கீழ போகணும்” என்பேன். “எங்கம்மா?” என்பார். கடையில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். “கொத்தமல்லி.” “அதான் நம்ம பையன் வாங்கியாருவானே.” அவ்வளவுதான். அவர் குரலில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்பார். அடித்திருந்தாலாவது அழுதிருக்கலாம். ஒரு மாதத்தில் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். பதினான்கு படிகளுக்கு மேலே உட்கார்ந்து சந்தில் போகிற சைக்கிள்களின் மணியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு இருபத்து நான்கு வயது. என் மூளையை எடுத்து நானே எனக்குத் தாழ்ப்பாள் செய்து போட்டுக்கொண்டேன் என்று நினைத்து நினைத்துப் பொருமினேன்.

வேலைக்குப் போகிறேன் என்று ஒரு முறை வாய் திறந்து கேட்டதும் உண்டு. மாமா பொறுமையாகப் பதில் சொன்னார்: “நம்ம வீட்டுப் பொம்பள மாசச் சம்பளத்துக்குப் போனா, கடையில தங்கம் இல்லன்னு ஊரு பேசும்மா.” என் கணவரிடம் போனால், “அப்பாட்டயே கேட்டுக்கோ” என்பார். நல்ல மனுஷர். நல்ல மனுஷராகவே இருந்துவிட்டுப் போனார்.

வழியைக் காட்டியது ஒரு பூனைதான். சந்துப் பூனை ஒன்று படிக்கட்டு ஜன்னல் வழியாக வந்து போகும். பகலில் அது குறுக்கே நடந்தால் மணி அடிக்கும், பல்பு எரிந்து வீணாகும், மாமா திட்டுவார். ஒருநாள் அந்தி நேரம், அத்தை விளக்கேற்றிவிட்டு உள்ளே போயிருந்தார். பூனை நிதானமாகக் குறுக்கே நடந்தது. மணி அடிக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழிறங்கி, பெட்டியின் சிவப்புக் கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டினேன். அப்போதும் மணி இல்லை. மாடத்தில் அத்தையின் பித்தளை விளக்கு, தடித் திரியோடு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் மேலேயிருந்து சாய்வாக எதிரிலிருந்த கண்ணில் விழுந்தது; மாடத்துச் சுவரை ஒட்டி நடந்தால் அது மறையாது. குழாய் இல்லாத அந்தக் கண்ணுக்குத் திருடனைப் பிடிக்கிற வெளிச்சம் எது, சாமி வெளிச்சம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. விளக்கு எரிகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. குழாயைப் பற்றியும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அந்தி நேரம் கடையில் கூட்டம் நெரியும்; அத்தை ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் பூங்காவைச் சுற்றிவிட்டு வந்துவிடுவேன். ஒரு பெரிய கொள்ளையடித்தவளைப் போல இரவெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

என் கல்லூரி ஆசிரியை ஒருவர் மூலமாகத்தான் அந்தக் கடிதம் வந்தது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியை தேவை. தலைமையாசிரியை புதன்கிழமை மாலை ஆறரைக்குக் குளத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். மறுநாள் ஆளை முடிவு செய்துவிடுவார்களாம். கடிதத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வேலை கிடைத்துவிட்டால் கையில் உத்தரவோடு மாமாவிடம் பேசலாம், கையில் ஒன்றுமில்லாமல் கேட்டதால்தானே மறுத்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மணிக்கு விளக்கு. ஆறு ஐந்துக்குப் பேருந்து.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து தந்தி வந்தது. தூரத்துப் பங்காளி ஒருவர் இறந்துவிட்டார். நான் பார்த்தே இராத மனிதர். என் கணவர் மதியமே ஊருக்குக் கிளம்பினார். அத்தை பூஜை அறையைச் சாத்தி, விளக்கைக் கழுவி உள்ளே கவிழ்த்து வைத்தார். தீட்டு. பதினாறு நாளைக்கு வீட்டில் விளக்குக் கிடையாது.

சாகிறவர் ஒரு நாள் கழித்துச் செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பாவம்தான். ஆனாலும் நினைத்தேன்.

கண்ணில் வெளிச்சம் காட்ட ஒரு டார்ச் போதும், ஆனால் அது மாமாவின் மேஜை இழுப்பறையில். தீட்டு வீட்டில் நானே விளக்கேற்றினால் அத்தை தாங்க மாட்டார். கடைசியில் மின்தடைக்கு வாங்கி வைத்த மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்தது. மெழுகுவர்த்தி சாமி விளக்கில் சேர்த்தியில்லை. ஆறு மணிக்கு அதை மாடத்தில் நிறுத்திக் கொளுத்தினேன். பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினேன். மணி இல்லை. சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக் கால் வைத்தேன்.

என் முந்தானை வீசிய காற்றில் சுடர் படுத்துவிட்டது. ஒரு கணம்தான். எண்ணெய் விளக்காக இருந்திருந்தால் தாங்கியிருக்கும்.

பளிச்சென்று கண் குருடாகிற மாதிரி வெளிச்சம். கீழே கடையில் மணி அலறியது. எனக்கும் கதவுக்கும் நடுவில் ஐந்தே படிகள். தாழ்ப்பாள் என் பக்கம். திறந்து சந்தில் இறங்கியிருந்தால் யாரும் என்னைப் பிடித்திருக்கப் போவதில்லை. ஆனால் நான் கீழே ஓடவில்லை. மேலே ஓடினேன். எதை நினைத்துக்கொண்டாலும் ஆறிவிடுகிறது; இது மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

மேல்படியில் அத்தை நின்றிருந்தார். என் கையிலிருந்த உறையைப் பிடுங்கித் தன் புடவைக்குள் செருகிக்கொண்டார். கடைப் பையன்கள் தடியோடு சந்துப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது. மாமா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“பூனை” என்றார் அத்தை.

“பூனையா, ஆளான்னு படம் சொல்லிரும்” என்றார் மாமா.

படம் கழுவி வர மூன்று நாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயைத் திறக்காமல் சமைத்தேன், பரிமாறினேன், பாத்திரம் கழுவினேன். மயிலாப்பூரில் அந்த வேலைக்கு வேறு யாரையோ எடுத்திருப்பார்கள். அந்த அழுகையைக்கூட அழ முடியவில்லை. என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

சனிக்கிழமை மாமா படத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அதில் நான் கதவைப் பார்த்தபடி, ஒரு கால் தரையில் படாமல், உறையை அணைத்துக்கொண்டு இருந்தேன். நான் தனியாக இல்லை. எனக்குப் பின்னால் மேல்படியில், சுவரைப் பிடித்தபடி அத்தை. தடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றிருந்தார்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

“நாந்தான் போகச் சொன்னேன்” என்றார் அத்தை. “மயிலாப்பூருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரிசி டின்னை நகர்த்தாமல் அந்த ஊர்ப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

மாமா உண்மையிலேயே புரியாதவராக, “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சுவிட்ச அணச்சிருப்பேன்லா?” என்றார். அவர் படத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

பதினாறு நாள் கழிந்து வீடு கழுவினோம். மறுநாள் மதியம் மூன்று மணி இருக்கும். வெயில் படிக்கட்டு ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து என் சான்றிதழ் உறையைத் துணிகளுக்கு மேல் வைத்தார்.

“வெளக்கு ஏத்திட்டேன்” என்றார்.

“இப்பவா அத்தை? மணி மூணுதானே ஆகுது.”

“பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டிரும்லா. இந்த வேல போச்சுன்னா வேற இருக்கான்னு கேளு. ஆறு மணிக்குப் போனா ஆரு இருப்பா?”

எழுந்து போய்ப் பார்த்தேன். பட்டப்பகலில் மாடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு திரி இல்லை, மூன்று திரி. விளிம்பு வரைக்கும் எண்ணெய். எத்தனை நாளாக இவருக்குத் தெரியும்? தெரிந்து ஒருநாளாவது இவர் இறங்கியிருப்பாரா?

“நீங்களும் வாங்களேன் அத்தை” என்றேன்.

அவர் கதவையே பார்த்தார். “போறதுக்கு எனக்கு ஒரு எடம் இருந்திருந்தா நான் எப்பவோ போயிருப்பேம்லா. ஒனக்கு இருக்குல்லா, போ. எண்ணெ நாலு மணி நேரம் நிக்கும்.”

கொசுவத்தைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல் இறங்கினேன். மணி அடிக்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அத்தை விளக்குக்குக் காற்றுப் படாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.