பெயர் கூப்பிடும் நேரம்

புதன்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு மாணவர் சங்க மண்டபத்தின் கதவைத் தள்ளியபோது முதலில் கண்ணில் பட்டது தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடா. சுவரிலிருந்து சுவர்வரை நேராகப் போனது. தொண்டர்கள் அந்தக் கோட்டில் நிற்பார்கள், நான் எதிரே நின்று பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டும், பிறகு ஆளுக்கொரு வேலையைச் சொல்லிவிட வேண்டும் என்று சங்கத்தின் சம்பள ஊழியரான மேகன் விளக்கினார். கனடாவில், இந்தச் சஸ்கட்டூனில் எல்லாத் தொண்டர் பயிற்சியும் இப்படித்தான் ஆரம்பமாகுமாம். வெளியே இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பயிற்சி ஏழு மணிக்கு. இங்கே மாலை ஏழு என்றால் இலங்கையில், எங்கள் டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் மறுநாள் காலை ஆறரை. அந்த நேரத்தில் என் அம்மா லெட்சுமி கொழுந்துக் கூடையோடு பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில், நிற்பார். தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கையா பெயர் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்துவிடுவார். மேகன் வெளியே போனதும் நான் குனிந்து நாடாவை உரித்தெடுத்தேன். பசை மட்டும் தரையோடு நின்றுவிட்டது.

ஹட்டனில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த நான், மேற்படிப்புக்காக இங்கே வந்தது போன செப்டம்பரில். இந்த ஊரில் மேடு கிடையாது. அரை மைலுக்கு அப்பால் வருகிற ஆளும் தெரிவார், ஆனால் அவர் நம்மிடம் வருவதில்லை. வகுப்பு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் நான் வாய் திறப்பது பஸ் சாரதிக்கு நன்றி சொல்வதற்கு மட்டும். அதனால்தான் சங்கம் தொண்டர் ஒருங்கிணைப்பாளரைத் தேடியபோது எழுதிப் போட்டேன். பெப்ரவரியில் ரீடிங் வீக் என்று ஒரு வாரம் விடுமுறை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போக இடமில்லாமல் விடுதியில் தங்கிவிடுகிற மாணவர்களுக்குச் சங்கம் ஒரு சனிக்கிழமை இரவுச் சாப்பாடு போடும். அதற்கு ஆள் சேர்த்துப் பழக்குவது என் வேலை. அந்தச் சாப்பாடு நின்றுபோனால் எனக்கும் புதன்கிழமை என்று ஒன்று இருக்காது.

ஆள் சேர்ப்பது இங்கே மிகச் சுலபமாக நடந்தது. சுவரில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு கியூஆர் படத்தை ஒட்டினேன். கைத்தொலைபேசியை அதன்முன் பிடித்தவர்களின் பெயர்கள் என் கணினிக்கு வந்து சேர்ந்தன. ஒரு முகத்தையும் பார்க்காமல் இருபது பேரைச் சேர்த்துவிட்டேன்.

டிக்கோயாவில் அப்படி ஒருவரையும் சேர்த்ததில்லை. பல்கலைக்கழக விடுமுறைகளில் எங்கள் மாணவர் மன்றம் சாதாரண தரப் பரீட்சை எழுதும் தோட்டப் பிள்ளைகளுக்கு இலவசக் கருத்தரங்கு நடத்தும். கரும்பலகை தூக்க, தேத்தண்ணி ஊற்ற, மாலையில் மூடுபனி இறங்குமுன் பிள்ளைகளைக் கூட்டமாக வீடு சேர்க்க இளைஞர்கள் வேண்டும். அதற்குத் தோட்டத்து லயம் லயமாக, வீடு வீடாகப் போவோம். வீட்டுக்குள் உட்கார்ந்து, கொடுத்த பிளேன்டீயைக் குடித்து, தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும். கேட்காமல் விட்ட வீட்டிலிருந்து மறு வருடமும் ஆள் வராது. "அந்தப் புள்ளைய மட்டும் வந்து கூப்புட்டீங்க, எங்க வூட்டுல இருக்கறது புள்ள இல்லியா?" என்று ரோட்டில் வைத்தே கேட்பார்கள்.

ஒரு வருடம் கருத்தரங்குக்கு உதவி கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு தமிழ் அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். நல்ல மனிதர். முதல் நாள் காலையே பாடசாலை மைதானத்தில் தொண்டர்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டார். நான்காவது பெயர் சிவகுமாருடையது. அவன் கையைத் தூக்காமல், "சார், இன்னைக்கு அரைப் பேரா, முழுப் பேரா?" என்று கேட்டான். குறித்த நிறை கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அதற்குத் தோட்டத்தில் அரைப் பேர் என்று சொல்வார்கள். வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரிக்கு விளங்கவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். சிவகுமார் சிரிக்கவில்லை. "எங்க அம்மா காலையில இப்புடித்தான் நின்னுட்டு மலைக்குப் போனாங்க. நாங்க வந்தது பெரட்டுக்கு இல்லீங்க" என்றான்.

மறுநாள் காலை தொண்டர்கள் எல்லாரும் வந்தார்கள், மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. பாடசாலைக்கு மேலே ரோட்டு வளைவில் மதகின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கீழேயிருந்து கை காட்டினார். அவர்களும் பதிலுக்குக் கை காட்டினார்கள். அவருடைய வேன் ஹட்டன் பக்கம் திரும்பிய பிறகுதான் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் எழுதாத விதி ஒன்று இருந்தது. வரிசை இல்லை, பெயர் கூப்பிடுவது இல்லை. முதலில் தேத்தண்ணி. பிறகு அவரவர் வேலையை அவரவரே சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த விதியோடுதான் சஸ்கட்டூன் மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். பதினெட்டுப் பேர் வந்தார்கள். பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணி வைத்திருந்தேன். ஒருவர் அதில் பால் இருக்கிறதா என்று விசாரித்தார், இருக்கிறது என்றதும் கோப்பையைத் திரும்ப வைத்தார். "உங்களுக்கு எந்த வேலை விருப்பம்?" என்று கேட்டேன். உயரமான பையன் ஒருவன், "நான் எங்கே நிற்க வேண்டும்?" என்றான். "எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்" என்றேன். அவன் கதவைப் பார்த்தான். இன்னொருவன், "பட்டியல் இன்னும் தயாராகவில்லையா?" என்று கேட்டான். "தயார்" என்று சொல்லி, கையிலிருந்த பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். அவர்களைக் கௌரவப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த புதன் ஆறு பேர் வந்தார்கள்.

மேகன் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார். "அடுத்த புதனுக்குள் பன்னிரண்டு பேராவது வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டை நிறுத்திவிடுவோம். உன் பொறுப்பைப் பற்றியும் பிறகு பேசலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இங்கே சிரித்துக்கொண்டு சொல்லப்படும் வசனங்களின் எடை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எனக்குத் தெரிந்த வழி வீடு வீடாகப் போவது. வெள்ளிக்கிழமை விடுதிக்குப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த மாணவன், "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றான். "எல்லாரையும்" என்றேன். "எதற்கு?" "கூப்பிடுவதற்கு." அவன் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தொலைபேசியை நோக்கிக் கையை நகர்த்தினான். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் கிரிஸ்டா நின்றிருந்தாள். முதல் புதன் வந்தவள். வடக்கே ஏதோ கோதுமைப் பண்ணையிலிருந்து முதல் வருடம் படிக்க வந்திருந்தாள். அன்று எல்லாரும் போன பிறகும் சுவரோரம் நின்றது ஞாபகம் இருந்தது. கதிரை அடுக்கவா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஏன் பிறகு வரவில்லை என்று கேட்டேன்.

"உன்னிடம் பட்டியல் இருந்தது. என் பெயரை நீ வாசிக்கவில்லை. என்னைத் தெரிவுசெய்யவில்லை என்று நினைத்தேன்."

"நான் யாருடைய பெயரையும் வாசிக்கவில்லையே."

"அதனால்தான் கடைசிவரை காத்திருந்தேன்" என்றாள். பிறகு, சொல்வதா வேண்டாமா என்று யோசித்தவள்போல, "இங்கே என் பெயரைச் சத்தமாகச் சொல்வது காப்பிக் கடையில் மட்டும்தான். கோப்பை தயாரானதும் கூப்பிடுவார்கள்" என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. என் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அந்த வாரத்தில் என் பெயரை யார் சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குக் காப்பிக் கடைப் பழக்கமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் பிடித்தார். இரண்டு நாள் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லையாம்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"அதெல்லாம் காட்டியாச்சு. கேளேன் புள்ள, கண்டாக்கையா பெரட்டுல எம்பேர மூணு தரம் கூப்புட்டாராம். பக்கத்து வூட்டு செல்லம்மா ஓடியாந்து சொல்றா. எனக்குச் சிரிப்பு தாங்கல."

"இதுல என்னம்மா சிரிப்பு?"

"என்னாவோ. லெட்சுமி எங்க, லெட்சுமி எங்கன்னு அந்த மனுசன் மலைய மலையப் பாத்துக்கிட்டு நின்னாராம்." அம்மா மறுபடி சிரித்து இருமினார். "உனக்கு அங்க ஆளு சேந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"ஒழுங்கா சிரிச்சுப் பேசு. நீ கேள்வி கேக்கறப்ப பொலிசு மாதிரி இருக்கும்."

சிவகுமார் மைதானத்தில் சொன்னது எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. தன் பெயரைத் தேடினார்கள் என்று அம்மா சிரித்ததையும் கேட்டேன். இரண்டையும் ஒரே செய்தியில் எழுதச் சொல்லியிருந்தால் எதை முதலில் வைப்பேன் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து இருபது பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். ஒவ்வொன்றும் அவரவர் பெயரில் ஆரம்பித்தது. புதன்கிழமை ஏழு மணிக்குப் பெயர் வாசிக்கப்படும், உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று எழுதினேன். இருவர் மட்டும் பதில் போட்டார்கள்.

புதன்கிழமை நான் நாடா ஒட்டவில்லை. ஏழு மணிக்குச் சற்று முன்பிருந்தே கதவு திறந்து திறந்து மூடியது. வந்தவர்கள் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு, கதிரைகளைத் தாண்டிப் போய், பழைய நாடாவின் பசை கறுத்துக் கிடந்த இடத்தில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. மேகன் கதவோரத்திலிருந்து விரலால் எண்ணினார். பதினான்கு வந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். சாப்பாடு நடக்கும்.

நான் பட்டியலோடு அவர்களுக்கு எதிரே போய் நின்றேன். முதல் பெயரைப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து வரிசையைப் பார்த்து நிற்க எனக்குப் பழக்கமில்லை. கிரிஸ்டாவைக் கூப்பிட்டுப் பட்டியலைக் கையில் கொடுத்தேன். "நானா?" என்றாள். "நீதான்" என்றேன். அவள் விட்டுவந்த இடம் வரிசையின் நடுவில் வெறுமையாக இருந்தது. நான் போய் அதில் நின்றேன்.

அவள் நிதானமாக வாசித்தாள். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். உயரமான பையன் தன் பெயர் வந்தபோது மேலங்கியின் ஸிப்பை மேலே இழுத்து நேராக நின்றான். கடைசிப் பெயரும் முடிந்தது. கிரிஸ்டா தாளைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன் பெயர் இதில் இல்லையே."

"நான் ஒருங்கிணைப்பாளர்."

அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாக என்னிடம் விசாரித்து, தாளின் அடியில் எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, மற்றவர்களுக்கு வாசித்த அதே குரலில், இரண்டு இடத்தில் தடுக்கி, "யோகேஸ்வரி" என்றாள்.

"இருக்கேங்க" என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். யாருக்கும் விளங்கவில்லை. அவள் என் பெயருக்கு நேரே சரி போட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு ஐந்து. டிக்கோயாவில் ஆறு முப்பத்தைந்து.