முதல் சப்வூஃபர் வாங்க வந்தவர்கள்

கடையில் நின்று பொருள் விற்கிற வேலையில், முதல்முறை வாங்க வருகிறவரிடம்தான் தொண்டை வற்றப் பேச வேண்டியிருக்கும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றே கால் வீங்கிப்போன உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக ஹோம் தியேட்டர் பகுதியில் நிற்கிறேன். டிவி வாங்கிப் போனவர் கொஞ்ச நாள் கழித்து சப்வூஃபர் கேட்டு வருவார். தரையில் வைக்கிற கனமான பெட்டி அது. பாட்டிலும் படத்திலும் நெஞ்சில் 'தும்' என்று விழுகிற சத்தத்தைத் தருவது. கையில் இருக்கிற காசுக்கும் பத்துக்குப் பத்து அறைக்கும் எட்டு இன்ச் ஸ்பீக்கர் போதும் என்பேன். அவர் கண் பன்னிரண்டு இன்ச் மேலேயே இருக்கும்.

தவழ்ந்தவர்

கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வாட் எவ்வளவு, வாட் எவ்வளவு என்று அரை மணி நேரம் கேட்டார். வாட்டை விட பெட்டி வைக்கிற இடம் முக்கியம் என்றேன். நீங்கள் உட்காரும் சோபாவில் பெட்டியை வைத்துப் பாட்டைப் போடுங்கள், தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்ப் பாருங்கள், எந்த இடத்தில் சத்தம் திருத்தமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். சொன்னபடியே செய்திருக்கிறார். மறுநாள் அவர் மனைவி கடைக்குப் போன் செய்தார். "முட்டி வலின்னு கீழ கெடக்குற பேப்பரக்கூட எடுக்காத மனுஷன், காலையிலேருந்து ஹால் முழுக்கத் தவழ்றாரு. இத நிறுத்தவும் ஏதாவது வழி வச்சிருக்கீங்களா?"

உரச் சாக்கில் வந்தது

செல்வராசு நன்னிலம் பக்கத்து விவசாயி. ஏழு ஏக்கர் குத்தகை. குறுவை கைகொடுத்த வருஷம், பிள்ளைகள் கேட்டார்கள் என்று சப்வூஃபர் வாங்க வந்தார். வாங்குவதற்கு முன்னால் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஸ்டூலில் தூக்கி வைக்கலாமா என்று கேட்டவரிடம், வெறும் தரையில் சுவரோரமாக வையுங்கள், அப்போதுதான் சத்தம் எடுக்கும் என்று சொன்னது நான்தான்.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சுவரில் மாட்டியிருந்த டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியை உரச் சாக்கில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். கவுண்டர் மேல் சாய்த்ததும் அதன் துவாரத்திலிருந்து சேறும் தண்ணீருமாக வழிந்தது. உள்ளே போர்டு போய்விட்டது, தண்ணீர் பட்டதற்கு வாரண்டி கிடையாது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் வாரண்டி கேட்கவே இல்லை. சம்பா பயிர் முழுக்க அழுகிவிட்டது என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். ஸ்டூல் விஷயத்தை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "பயிரக் கணக்கெடுக்க ஆள் வந்தாங்க, ஊறுன வீட்டுச் சுவரப் பாக்க வந்தாங்க. அவங்ககிட்ட இதக் காட்டுனா சிரிப்பாங்கம்மா. அதான் உங்ககிட்டயாவது காட்டலாம்னு தூக்கிட்டு வந்தேன்."

உள்ளங்கை

கலியமூர்த்தி அறுவடை மெஷின் ஓட்டியவர். இருபது வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஐம்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டன. மனைவி மல்லிகா கூட வந்திருந்தார். சப்வூஃபர் யாருக்கு என்று கேட்டேன். அவருக்குத்தான் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். கலியமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் யாருக்கும் சிபாரிசு செய்யாத ஒரு மலிவுப் பெட்டி உண்டு. எந்தப் பாட்டைப் போட்டாலும் பொத பொத என்று ஒரே சத்தம். அதில் கை வைத்ததும் அவர் முகம் மாறியது. சத்தத்தைக் கூட்டச் சொல்லி விரலைச் சுழற்றினார். கூட்டினேன். மேலே தட்டில் இருந்த பெட்டிகளெல்லாம் அதிர்ந்தன. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றார். மல்லிகா என் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் மெதுவாகச் சொன்னார்: "அவருக்குத் தெரியிற அளவுக்கு வச்சா எங்களால வீட்ல இருக்க முடியாதுங்க. பரவால்ல, இருந்துக்குறோம்."

பொதுச் சுவர்

பிரவீன் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து சப்வூஃபர் வாங்கிப் போனான். இரண்டு வாரம் கழித்து விஜயா என்று ஒரு பெண் கடைக்கு வந்தார். பிரவீனின் அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். இவருடைய அப்பாவை இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டில் அந்தச் சுவரை ஒட்டி. பாட்டு அவ்வளவாகக் கேட்பதில்லையாம். அந்த 'தும் தும்' மட்டும் சுவர் வழியாக வந்து கட்டிலை அதிரவைக்கிறது, அப்பா ஒவ்வொரு அடிக்கும் முனகுகிறார் என்றார். போய்ச் சொல்ல முடியாது. எல்லைத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த மாடலில் ஏதோ பழுது என்று நான் போன் செய்து பெட்டியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், பத்து நாள் போதும், அதற்குள் முடிந்துவிடும் என்றார். 'முடிந்துவிடும்' என்பதை டெலிவரி தேதி மாதிரி நிதானமாகச் சொன்னார்.

இந்தக் கவுண்டரில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு பிரவீன் குரலைக் கேட்டதும் பொய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். சட்டென்று போனை வைத்துவிட்டான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி நேரத்தில் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வீட்டில் இருந்தால் அவன் அப்பா வீம்புக்காவது போடுவார், அதனால் கடையிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மாதம் ஆகப்போகிற சமயத்தில் மறுபடி வந்தான். பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தேன். தொடவில்லை. "பதினாறாம் நாள் காரியம் நேத்து முடிஞ்சுது மேடம். அப்பாவும் நானும் போயிருந்தோம், யாரும் எங்ககிட்ட பேசல. இது இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமா?"

எங்களுக்குச் சம்பளம் வாட்டும் இன்ச்சும் சொல்வதற்குத்தான். மற்றதெல்லாம் இந்தத் தொழிலில் இலவச இணைப்பு.