பீரோவுக்குள் பாட்டு வாத்தியார்

போன மாதம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார் – "வெயிட் தூக்காதீங்க, குனியாதீங்க. முக்கியமா, வாய்விட்டுச் சிரிச்சுடாதீங்க. தையல் இருக்கு."

'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்று இந்தப் பக்கத்தில் உங்களை ஓயாமல் நச்சரிக்கிறவன் நான். எனக்கு வந்த சோதனையைப் பார்த்தீர்களா?

மறுநாளே மண்ணூர்பேட்டையிலிருந்து தாமு வந்துவிட்டான். எழுத்துக்கு வருமுன் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் மெஷின் ஓட்டிய காலத்து சிநேகிதன். ஆப்பிள், ஆரஞ்சு எதுவும் கையில் இல்லை. சட்டைக்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு புத்தகத்தை உருவினான்.

"இன்னா மாமே, சும்மா மோட்டுவளையப் பாத்துகினு கீறே? இத்தப் படி. நம்ம பாட்டு வாத்தியாரு!"

அதேதான்! அந்தக் காலத்து 'ஒரு மாதிரி'யான காமெடி நாவல். ஷிஃப்ட் முடிந்ததும் கை மாறி, கை மாறி, கிரீஸ் கறையோடு எங்களை உருட்டிப் புரட்டிய கதை. ஒரு பாட்டு வாத்தியார் போகக்கூடாத வீட்டுக்குப் போகக்கூடாத நேரத்தில் போகிறார். வீட்டுக்காரர் திடீரென்று திரும்பிவர, வெறும் துண்டோடு புது பீரோவுக்குள் புகுந்துகொள்கிறார். அந்த பீரோவோ சீர்வரிசையோடு வண்டியேறி நேரே கல்யாண மண்டபத்துக்கு...

தையலைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து படித்தேன். ஒரு அத்தியாயம்... இரண்டு... ஊஹூம். சிரிப்பே வரவில்லை. குண்டு மாமியார் ஜோக், கறுப்புப் பெண் ஜோக் – சில இடங்களில் முகம்தான் சுளித்தது. இதற்கா அன்றைக்கு அப்படிச் சிரித்தோம்?

ஹாலில் வொர்க் ஃப்ரம் ஹோமில் இருந்த மகள் வாங்கி இரண்டு பக்கம் புரட்டினாள்.

"அப்பா, இதுல வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் இடுப்பு இருக்கு. பேர்தான் இல்ல."

தையலுக்கு இதைவிடப் பத்திரமான புத்தகம் கிடையாது என்று மூடி வைத்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மத்தியானம் மாத்திரை கொடுக்க வந்த என் மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க... இது அந்த பீரோ கதைதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காடு கோயிலுக்குப் போகிறவள். டி.வி.யில் ஜோடி கொஞ்சம் நெருங்கி நின்றால் சானலை மாற்றுகிறவள்!

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பூந்தமல்லியில எங்க அண்ணன் அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தான். திருட்டுத்தனமா படிச்சேன். பீரோவ மண்டபத்துல இறக்கிட்டாங்க. சாவி எங்கன்னு தேடறாங்க... அப்பப் பாத்து அண்ணன் வந்து புடுங்கிட்டான். அந்த மனுஷன் வெளிய வந்தாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது!"

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷமும் இவள் மனசுக்குள் ஒரு மனிதர் துண்டோடு பீரோவிலேயே நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

குக்கர் கத்தக் கத்த உட்கார்ந்து படித்தாள். நடுநடுவே களுக், களுக். திடீரென்று சத்தமில்லை.

"ஏங்க, கடைசிப் பக்கமெல்லாம் காணோமே!"

எந்தப் புண்ணியவான் கிழித்துக்கொண்டு போனானோ... அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்கதான் படிச்சிருக்கீங்களே. சொல்லுங்க."

சொல்வதா? அதையா? கட்டின மனைவியிடமா? தாமுவிடம் என்றால் மளமளவென்று கொட்டியிருப்பேன். இவளிடம் நாக்கு எழவில்லை.

"வந்து... சாவி கிடைச்சுது. தொறந்தாங்க. அவர் எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டுப் போயிட்டார்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது நீங்க பத்திரிகைக்கு எழுதற மாதிரி இருக்கு. உள்ளதச் சொல்லுங்க!"

சொன்னேன். துண்டு, நாதஸ்வரக்காரர், மாப்பிள்ளையின் அத்தை – ஒன்று விடாமல் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர். "ஐயோ போதும்ங்க..." என்றவள், உடனே, "அந்த அத்தை என்ன சொன்னா? இன்னொரு தடவ சொல்லுங்க!"

அவ்வளவுதான். வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு நானும் சிரிக்க ஆரம்பித்தேன். வலி உயிர் போகிறது, சிரிப்பு நிற்கவில்லை. மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஓடிவந்தாள். "என்னாச்சு, ஏன் அழறீங்க?" நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லையே!

அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் ரசிக்க முடியுமா? பாதி ஊசிப்போய்விட்டது. மகள் சொன்னது சரிதான். ஆனால் மீதிப் பாதியைத் தனியாகப் படிக்கக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே கதைக்கு நான் லேத்துக்குப் பின்னாலும் இவள் அரிசி டின்னுக்குப் பின்னாலுமாக ஒளிந்து சிரித்திருக்கிறோம். அப்புறம் ஒரே வீட்டுக்கு வந்து, ஒருவருக்கொருவர் நல்ல பிள்ளையாக நடித்தே காலத்தை ஓட்டிவிட்டோம். அதை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

தையல் பிரியவில்லை. டாக்டரிடம் எதுவும் சொல்லவும் இல்லை.

அது கிடக்கட்டும், வாத்தியார் எப்படித்தான் வெளியே வந்தார் என்கிறீர்களா? இங்கே எழுத முடியாது. உங்கள் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்... படித்திருப்பார்!