லெய்டனில் பட்டா கேட்ட அம்மா

போன வாரம் உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயில் மதிலோரம் ஒரு வெள்ளை வண்டி நின்றிருந்தது. வெளிநாட்டு நம்பர் பலகை, கூரையில் சோலார் தகடு, திரை போட்ட ஜன்னல். நூறு நாள் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, ஆம்புலன்ஸா?"

"வூடுடி. உள்ள பாரு, அடுப்பு கீது."

"அப்ப கக்கூஸு?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். அம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டாள். ஜன்னல் வழியாக கேஸும் காபியும் கலந்த வாசனை வந்தது. வாங்க வந்த சாமானை மறந்துவிட்டு நின்றேன்.

அம்மா அப்படிக் கேட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். இயந்திரங்கள் வடிவமைக்கும் கம்பெனி என்னை ஒரு வருடம் நெதர்லாந்துக்கு அனுப்பியிருந்தது. அம்மா இங்கே தனியாக இருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஏரிப் புறம்போக்கில் எங்கள் வீடு. அந்த வருடம்தான் காலி செய்யச் சொல்லித் தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். மேட்டில் மாற்று இடம் தருவதாகப் பேச்சு. செங்கல்பட்டில் நான் கடன் போட்டு வாங்கிய சின்ன ஃபிளாட் ஒன்றும் இருந்தது. அம்மா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. கோடையில் ஒரு மாதம் வந்து இரு என்று நெதர்லாந்துக்கு அழைத்துக்கொண்டேன்.

வழக்கம்போல் திட்டத்துக்கு எண் போட்டேன். ஒன்று, இந்த வெள்ளை வண்டி மாதிரி ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுப்பது. இரண்டு, வீடு எந்த இடத்திலும் வீடுதான் என்று அம்மாவுக்குக் காட்டுவது. மூன்று, செங்கல்பட்டுக்குச் சம்மதம் வாங்குவது. இரண்டிலிருந்து மூன்றுக்கு எப்படிப் போவது என்று மட்டும் யோசிக்கவில்லை.

லெய்டன் ஊருக்கு வெளியே, புல்வெளி முகாமில் வண்டியை நிறுத்தினோம். அம்மா உள்ளே எல்லாக் கதவையும் திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"படுக்கறதுக்கு முன்ன பால் காய்ச்சணும்."

"ம்மா, இது வாடகை வண்டி."

"வாடகை வூட்டுக்குந்தான் காய்ச்சறாங்க. கெயக்கு எது?"

ஃபோனில் திசை பார்த்தேன். அடுப்பு மேற்கே பார்த்திருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். இவ்வளவு சுலபமாக வாஸ்து பார்த்த வீடு உலகத்தில் வேறு இருக்காது. பால் பொங்கியது, வழிந்தது, கருகியது. கூரையில் இருந்த புகை மணி வீறிட்டது. அடுத்த வண்டிக்காரர், அரைக்கால் சட்டையில் ஒரு தாத்தா, தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார். அம்மா அவர் கையில் பால் டம்ளரைத் திணித்தாள்.

"குடி நைனா. சக்கர போட்டுக்கீறேன்."

குடித்தார். நான் விளக்கியதும் அவருக்கு ஒரு சந்தேகம்: நாளைக்கு வேறு இடத்தில் போய் நின்றால் மறுபடி காய்ச்ச வேண்டுமா? அம்மா நிஜமாகவே யோசித்தாள்.

"வூடு அதானே? மண்ணுதான மாறுது. வாணாம்."

இரண்டாவது வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஊருக்குள் நடந்தோம். கால்வாய்கள், காற்றாலை, சாய்ந்த செங்கல் வீடுகள். அம்மாவுக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. ஒரு சந்தில் திறந்திருந்த கதவுக்குள், நான் தடுப்பதற்குள், நுழைந்துவிட்டாள். உள்ளே ஒரு முற்றம், நடுவில் அடிபம்பு, சுற்றிலும் வரிசையாகக் குட்டி வீடுகள். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளை முடிப் பாட்டி எங்களைத் திட்டவில்லை. அந்தக் காலத்தில் ஒரு துணி வியாபாரி, ஆதரவில்லாத பெண்களுக்காகக் கட்டி வைத்ததாம். இன்றும் தனித்த பெண்கள்தான் இருக்கிறார்களாம்.

"கேளு பாப்பா. பட்டா யாரு பேர்ல கீது?"

வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அறக்கட்டளை பெயரில் என்றார்.

"காலி பண்ணச் சொன்னா?"

சொல்ல மாட்டார்கள், சாகும்வரை இருக்கலாம்.

"செத்தப்பறம் பொண்ணு வந்து நின்னா?"

அவர் சிரித்தார். மகளுக்கு இதில் உரிமையில்லை, வேறொரு பெண் வந்துவிடுவார்.

அம்மா அந்த நிலைக்கதவைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கால்வாய் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோற்று டப்பாவைத் திறந்தாள்.

"நல்ல வூடுதான். நான் செங்கல்பட்டு வந்தா இந்தம்மா மேரிதான் இருப்பேன். நீ நல்லாத்தான் பாத்துக்குவ. ஆனா அது உன் வூடு."

"சரி, ஏரிக்கரை வீடு?"

"அது யாரு பேர்லயும் இல்லியே."

"அப்ப என்னதான் செய்யறது?"

"அந்த மேட்டுக்கே போறேன். ரெண்டு சென்ட்டுனாலும் சரி, என் பேர்ல எய்திக் குடுக்கணும். உன் பேர்ல கூட வாணாம். நீ வந்து ஆபீஸ்ல பேசு. இங்கிலீஷ்லயே பேசு, அப்பதான் உக்கார சொல்லுவான்."

ஊருக்குத் திரும்பியதும் போய்ப் பேசினேன், தமிழில்தான். பல நாள் நிற்கவைத்த பிறகு பட்டா வந்தது, அம்மா பெயரில். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் பாத்திரங்களை மூட்டை கட்டினாள்.

ஏரியைத் தூர் வாரி ஆழப்படுத்திவிட்டார்கள். மழைக்காலத்தில் எங்கள் தெரு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். பஸ் அதே சாலையில்தான் போகிறது. "ஏரிக்கர காலனியெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் இப்போது கத்துவதில்லை. அங்கே நிறுத்தம் கிடையாது. மேட்டில் இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வளைவு வரும்போது பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றுவிடுகிறேன். டிரைவர் வேகத்தைக் குறைப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது.