கேசட்டில் விழுந்த அப்பாவின் சத்தம்

எண்பதுகளின் தொடக்கம். கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் எங்கள் வீடு. வளைகுடாவிலிருந்து முதல் லீவில் வந்த அண்ணன் கட்டியது ஒரு கார் ஷெட். கார் பிறகு வரும் என்றான். அதற்குள் எங்கள் பாட்டுக்குழு உள்ளே புகுந்துவிட்டது.

வளைகுடாவில் அவனோடு தங்கியிருந்தவர்கள் போட்ட ராக் பாட்டுகளைக் கேட்டு அண்ணனுக்குப் பித்துப் பிடித்திருந்தது. எலக்ட்ரிக் கிதாரும் டேப் ரிக்கார்டரும் கொண்டு வந்திருந்தான். சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த நான் பாட, பக்கத்து வீட்டுக்காரர் டிரம் அடிக்க, நாங்களே கட்டிய பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்தோம். நெய்யாற்றின்கரை கேசட் கடைக்காரர் பாதி கேட்டுவிட்டு, "இது ஏது உற்சவத்துக்கு உள்ள கொட்டாக்கும்?" என்றார். டிரம் சத்தத்தில் என் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் கிடந்தது.

அடுத்த லீவில் இரண்டாவது கேசட். இதுவும் சரியாக வராவிட்டால் இனி கிதாரைத் தொடவே மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவன் விட்டால் என் பாட்டும் அதோடு போச்சு. கல்யாணக் கோரஸில் மூன்றாவது வரிசையில் நின்று வாயசைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பண்ணையாரின் தென்னந்தோப்பில் குடிகிடப்புக்காரராக, அதாவது அவர் மண்ணில் குடிசை போட்டு அண்டியிருந்தவர். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, வீடு இருந்த பத்து சென்ட் அவர் பேருக்கு ஆனது. அதற்கு முன்னால் முற்றத்தில் சிரித்தால்கூடப் பண்ணையாரின் காரியஸ்தன் அதட்ட வந்துவிடுவான். "சத்தம் கொறச்சு பேசணும்" என்று அப்பா சொல்வதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அண்ணன் புறப்படும் நாள். மத்தியானம் டாக்சி வரும். கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி, கேசட்டிலும் அதற்குத்தான் இடம் இருந்தது. பாட்டு சூடுபிடித்த நேரம், வெளியே இருந்து அப்பாவின் குரல்: "எலே, கொறச்சு..."

அவ்வளவுதான். அண்ணன் கை தானாகக் கம்பிகளை அமுக்கியது. டிரம் நின்றது. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த நான் மட்டும் நிறுத்தவில்லை. வெறும் குரல், தனியாக. எனக்கே தூக்கிவாரிப்போட்டது, ஆனாலும் பாடினேன்.

எங்கள் பக்கம் 'கொறச்சு' என்றால் குறைத்து என்றும் பொருள், கொஞ்சம் என்றும் பொருள். மீதி வார்த்தை அப்போதுதான் வந்து சேர்ந்தது: "...கூட்டுலே! வேலி வரைக்கும் கேக்காண்டாமா? நம்ம மண்ணு அது வரைக்கும் உண்டாக்கும்!"

சத்தம் எதுவரை போகிறது என்று பார்க்க, வேலியோரம் போய் நின்றிருக்கிறார் மனுஷன். அண்ணன் என்னைப் பார்த்தான். அடுத்த நொடி கிதாரும் டிரம்மும் சேர்ந்து விழுந்ததில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பாட்டு முடியவும் டேப் தீரவும் சரியாக இருந்தது.

எல்லாம் கெட்டுப்போச்சு என்று நினைத்துத்தான் போட்டுக் கேட்டோம். வாத்தியங்கள் சட்டென்று அடங்க, என் குரல் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது. அதன்மேல் அப்பா. பிறகு எல்லாரும். டாக்சிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, அண்ணன் அந்த இடத்தையே மறுபடி மறுபடி போட்டான். அவன் கண் நிறைந்திருந்தது. கிதாரைத் துணியில் சுற்றி என் கையில் தந்து, "வாற லீவு வரைக்கும் இதை நீ படிச்சு வையி, மக்கா" என்றான்.

கடைக்காரர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. கடை வாசலில் போட்டு, நகலும் எடுத்து விற்றார். ஒரு நகல் அண்ணனுக்கும் போனது. அண்ணன் அடுத்த லீவில் வந்து சொன்னான், அவன் அறையில் உள்ளவர்கள் பாட்டைவிட அப்பாவின் சத்தத்தைத்தான் திரும்பப் போடச் சொல்வார்களாம். கார் கடைசிவரை வரவில்லை. ஷெட்டில் அடுத்த கேசட்டுக்கு நானும் கிதாரோடு உட்கார்ந்தேன்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் "கொறச்சு" என்று தொடங்கினால், நான் உடனே வாயை மூடிக்கொள்வதில்லை. அடுத்த வார்த்தை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.